பீரோவின் முதுகில் ஒரு கணக்கு

அந்த வீட்டின் முன்னறையில், நட்ட நடுவில், ஓர் இரும்பு பீரோ நின்றது. நாற்சந்தியில் நிற்கும் சிலையைப் போல அதற்கு எந்தச் சுவரோடும் ஒட்டு உறவு கிடையாது. வாசலிலிருந்து சமையலறைக்குப் போகிறவர் அதை இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். சமையலறையிலிருந்து வருகிறவரும் தன் இடப்பக்கமாகவே சுற்ற வேண்டும். குடியிருப்பவர் பஸ் டிரைவர் என்பதால் இந்தப் போக்குவரத்து ஒழுங்கு யாரும் சொல்லாமலே அமலுக்கு வந்துவிட்டது.

அதை அங்கே வைத்தவர்கள் சுமை தூக்க வந்த மூன்று பேர். குடிவந்த அன்று, "எங்கம்மா வைக்கணும்?" என்று கேட்டார்கள். மனைவி ஜன்னலோரச் சுவரைக் காட்டினாள். அதே நொடியில் கணவன் எதிர்ச்சுவரைக் காட்டினான். தூக்கி வந்தவர்கள் மூச்சிரைக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு நீங்களே தள்ளிக்குங்க. ரெண்டு பேர் தள்ளினா போதும்" என்று இருந்த இடத்திலேயே இறக்கிவிட்டுப் போனார்கள்.

அது நடந்து ஒரு வருஷம் பத்து மாதம் ஆகிறது. பேசி முடிவு பண்ணுவது இன்னும் ஆரம்பிக்கவில்லை. பிடிவாதம்தான் காரணம் என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. பிடிவாதம் பிடிப்பதற்குக்கூட இரண்டு பேர் ஒரே அறையில், ஒரே நேரத்தில், விழித்திருக்க வேண்டும். அந்த வீட்டில் அப்படி ஒரு நிலைமை ஏற்பட்டதில்லை.

மனைவிக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில். வெளுத்து வரும் பெட்ஷீட்டுகளை இஸ்திரி மெஷினில் கொடுத்து, மடித்து, கட்டு கட்டி, அலமாரியில் அடுக்குவாள். அங்கே அவளுக்குப் பம்பரம் என்று பெயர். உட்காரத் தெரியாது. டீ குடிக்கக் கிடைக்கும் பத்து நிமிஷத்தில் மற்றவர்கள் பெஞ்சைத் தேடுவார்கள். இவள் டம்ளரோடு நடப்பாள். எப்போதாவது உட்கார்ந்தால் கால் ஆடும். கால் ஆடினால் பெஞ்சு ஆடும். பெஞ்சு ஆடினால் பக்கத்தில் இருப்பவர் டீ சிந்தும். ஆகவே நடப்பதே பொதுநலம் என்று பிரிவில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு ஆறு நாளுக்கு ஒரு நாள் ஆஃப். ஐந்து நாள் வேலை, ஆறாம் நாள் ஓய்வு. டிரைவருக்கு ஒன்பது நாளுக்கு ஒரு நாள் ஆஃப். மற்ற நாட்களில் அவள் காலை டூட்டி என்றால் அவன் இரவு டூட்டி முடித்துக் குறட்டை விடுவான். அவன் விழித்திருக்கும்போது அவள் பெட்ஷீட்டுகளுக்கு நடுவே இருப்பாள். சாவியைக் கைமாற்றும் இடத்தில் நடக்கும் உரையாடலே அவர்களுடைய குடும்ப வாழ்க்கை.

சண்டைகூடத் தவணை முறையில்தான். "உங்க அக்கா வீட்டுக்காரர் முன்னால என்னை ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று அவள் ஒரு நாள் வாசலில் கேட்பாள். அதற்கு மூன்று நாள் கழித்துச் சாவியோடு பதில் வரும்: "எப்படிச் சொன்னேன்?" அடுத்த கேள்வி வருவதற்குள் அந்த அக்கா வீட்டுக்காரரே வேறொரு தப்புச் செய்து, விஷயம் காலாவதியாகிவிடும்.

அவளுடைய அம்மா போனில் கேட்பாள்: "இன்னிக்காவது அவர் வீட்ல இருக்காரா?"

"இருக்காரு. தூங்கறாரு."

"கல்யாணம் பண்ணியும் தனியாத்தான் இருக்கேன்னா, இங்க வந்து தனியா இரு. இங்க டிவியாவது பேசும்."

முதல் வருஷம் பம்பரம் இதற்குச் சிரித்தாள். இரண்டாவது வருஷம் சிரிக்கவில்லை. பீரோவின் தலையில் அவள் கொண்டுவந்த பெட்டி ஒன்று காலியாக உட்கார்ந்திருந்தது. போகும்போதும் வரும்போதும் அதை நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் வந்தது. ஒரு முழு நாள், விடிந்ததிலிருந்து இருட்டும் வரை, இரண்டு பேரும் வீட்டில் இருக்க வேண்டும். அது வருகிறதா என்று பார்ப்போம், வராது என்று தெரிந்தால் பெட்டியை இறக்கிவிடலாம் என்று மனசுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டாள். எதிர்க்கட்சிக்காரர் அப்போது தூங்கிக்கொண்டிருந்ததால் கையெழுத்து வாங்கவில்லை.

சலவைப் பிரிவில் கிழிந்த பெட்ஷீட்டுகளைத் தைக்கும் ஓர் அக்கா இருந்தாள். அவளிடம்தான் பம்பரம் காலண்டரைக் காட்டினாள். அந்த மாதம் பம்பரத்துக்கு ஆஃப் நான்கு, பத்து, பதினாறு, இருபத்திரண்டு, இருபத்தெட்டு. டிரைவருக்கு இரண்டு, பதினொன்று, இருபது, இருபத்தொன்பது.

தையல் அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தாள். "பத்து உனக்கு, பதினொண்ணு அவருக்கு. அடியே, தொட்டுட்டுப் போகுது. இருபத்தெட்டு உனக்கு, இருபத்தொம்பது அவருக்கு. பாரு, வாசல்படி வரைக்கும் வந்திருச்சு. இன்னும் ஒரு ரெண்டு தடவை பொறு, உள்ள வந்திரும்."

"போன மாசமும் இப்படித்தான் அக்கா வாசல்படில நின்னுச்சு."

"எல்லாத்துக்கும் ஒரு நேரம் வரணும்ல?"

பம்பரத்துக்குப் பொறுமை என்பது ஏட்டில் படித்த விஷயம். மறுநாளே, அதாவது பதினாறாம் தேதி ஆஃப் நாளன்று, பஸ் டிப்போவுக்குக் கிளம்பிவிட்டாள்.

டிப்போவில் டிரைவர்களின் விதியை எழுதுகிறவர் டூட்டி கிளார்க். அவர் மேசைக்குப் பின்னால் சுவரளவு அட்டவணை ஒன்று தொங்கியது. காலை, மதியம், இரவு என்று மூன்று ஷிப்ட். ஒரு ஷிப்டில் மூன்று நாள். மூன்று மூன்றாக ஒன்பது. முப்பது வருஷமாக மூன்றால் வகுபடாத எதையும் தன் மேசைக்குள் அனுமதித்ததில்லை என்பது அவருடைய பெருமை. அவருடைய பேனா ஸ்டாண்டில் ஆறு பேனா இருந்தன. அதில் மூன்று எழுதும்.

"ஏம்மா, ஆஃப் மாத்தணுமா? மாத்தலாம். ஆனா நாள் மாத்தறதுன்னா மூணு நாள்தான் தள்ள முடியும். ஒரு மனுவுக்கு மூணு. ஒண்ணு, ரெண்டெல்லாம் தள்ளினா ஷிப்ட் நடுவுல உடையும்."

"ஒரு நாள் முன்னால இழுத்தீங்கன்னா போதும் சார்."

"ஒண்ணு கேக்கறே. நான் மூணு தர்றேங்கறேன். இதுல என்னம்மா நஷ்டம்?"

நியாயமான கேள்வியாகத்தான் தோன்றியது. பம்பரம் மூன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். இருபதாம் தேதி வர வேண்டிய டிரைவரின் ஆஃப் இருபத்து மூன்றாம் தேதிக்குப் போனது. பம்பரத்தின் ஆஃப் இருபத்திரண்டு. இத்தனை அலைச்சலுக்குப் பிறகு டிரைவரின் ஆஃப் மறுபடியும் அவளுடைய ஆஃபுக்கு மறுநாள் வந்து, பழைய இடத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தது.

"நான் சொல்லல? ஒத்த நாள்தான் வித்தியாசம்" என்று தையல் அக்கா தேற்றினாள்.

அந்த ஒத்த நாள் பம்பரத்தின் மண்டைக்குள் புகுந்து குடைந்தது. அன்று மதியம் அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சலவைப் பிரிவில் பெட்ஷீட்டுகளை ஆறு ஆறாகக் கட்டுவார்கள். ஆனால் வார்டுக்குப் போகும் அலமாரியில் ஒரு தட்டுக்கு ஒன்பது பிடிக்கும். கட்டுகளைப் பிரித்து ஒன்பது ஒன்பதாக அடுக்கினால் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது, அல்லது மூன்று மிஞ்சும், அல்லது ஆறு மிஞ்சும். ஒன்று மட்டும் மிஞ்சினால் சலவைப் பிரிவில் யாரும் யோசிக்க மாட்டார்கள். எண்ணினவர் தப்பாக எண்ணிவிட்டார் என்று பொருள். "ஒண்ணு மிஞ்சுதா? திரும்ப எண்ணு" என்பது அங்கே சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். கையில் ஒற்றைப் பெட்ஷீட்டோடு நின்றவளுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

ஆறும் மூன்றுக்குச் சொந்தம். ஒன்பதும் மூன்றுக்குச் சொந்தம். கிளார்க் தள்ளிக் கொடுப்பதும் மூன்று. மூன்றாகக் கூட்டி, மூன்றாகக் கழித்து, மூன்றாகத் தள்ளினால் அந்த ஒத்த நாள் எங்கே போகும்? எங்கேயும் போகாது.

வீட்டுக்கு வந்ததும் பீரோவின் முதுகை நோக்கிப் போனாள். நடுவில் நின்றதால் அதன் முதுகு வாசலைப் பார்த்து வெறிச்சென்று இருந்தது. துணியில் குறி போடும் சாக்கட்டியால் அதில் எழுதினாள். தன் தேதிகளை மூன்றால் வகுத்தாள். நான்கு, பத்து, பதினாறு, இருபத்திரண்டு, எல்லாவற்றிலும் ஒன்று மிஞ்சியது. அவனுடைய தேதிகளை வகுத்தாள். இரண்டு, பதினொன்று, இருபது, மாற்றி வாங்கிய இருபத்து மூன்று, எல்லாவற்றிலும் இரண்டு மிஞ்சியது. ஒன்று மிஞ்சுகிறவளும் இரண்டு மிஞ்சுகிறவனும் ஒரே நாளில் வீட்டில் இருக்க வழியே இல்லை. வாசல்படி வரைக்கும் வந்து நிற்கிற அந்த நாள் அங்கேயேதான் நிற்கும், ஓய்வு பெறுகிற வரைக்கும்.

பெட்டியை இறக்கக் கையைத் தூக்கினாள். எட்டவில்லை. ஸ்டூல் எடுக்கப் போனவள் பாதி வழியில் நின்றாள். பொதுவான மூன்றுதானே இத்தனை வினையும் செய்கிறது; மூன்றோடு ஒட்டாத எண் ஒன்று இருந்தால்?

இருந்தது. பாய்லர் பிரிவு.

சலவைப் பிரிவுக்கு வெந்நீரும் நீராவியும் கொடுக்கிற பாய்லர் அறை கட்டடத்தின் பின்னால் தனியே இருந்தது. ஏழு பேர் வேலை. ஒரு நாளைக்கு ஒருவர் ஆஃப் எடுக்க, ஏழு நாளுக்கு ஒரு முறை. வெக்கை, சத்தம், ஈரம் மூன்றும் உண்டு. போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவே மனுப் போட்டார்கள். ஃபோர்மேன் பேசும்போது வாயிலிருந்து வார்த்தைக்கு முன்னால் காற்று வரும் என்பதால் அவருக்கு நீராவி என்று பெயர்.

பம்பரம் பாய்லருக்கு மாற்றல் கேட்டதும் சலவைப் பிரிவு மேற்பார்வையாளரம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஆறு நாளைக்கு ஒரு ஆஃப் இங்க இருக்கு. அதை விட்டுட்டு ஏழு நாளைக்கு ஒரு ஆஃபா? வருஷத்துக்கு எட்டொம்பது நாள் லீவு போகுமே. எதுக்கு?"

"லீவுக்காகத்தான் மேடம்."

மேற்பார்வையாளரம்மா தையல் அக்காவைப் பார்த்தாள். தையல் அக்கா நெற்றிப்பொட்டில் விரலை வைத்து மெதுவாகச் சுற்றிக் காட்டினாள். மாற்றல் உடனே கிடைத்தது. ஓர் ஊழியர் தனக்குத்தானே தீங்கு கேட்டு எழுதினால் எந்த அலுவலகமும் தாமதம் செய்வதில்லை.

ஏழு ஒரு கர்வம் பிடித்த எண். இரண்டு கூப்பிட்டால் வராது, மூன்று கூப்பிட்டால் வராது. தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எவராலும் வகுபடாது. ஒன்பதோடு அதற்குப் பங்காளி உறவும் இல்லை, பகையும் இல்லை. அப்படிப்பட்ட இரண்டு பேர் எங்கே தொடங்கினாலும் ஒரு நாள் நேருக்கு நேர் முட்டித்தான் ஆக வேண்டும். அறுபத்து மூன்று நாளுக்கு ஒரு தடவை கட்டாயம். பாய்லரில் சேர்ந்த நாளை ஒன்று என்று வைத்து பம்பரம் பீரோவின் முதுகில் இரண்டு வரிசை எழுதினாள். தனக்கு ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என்று. அவனுக்கு இரண்டு, பதினொன்று, இருபது என்று. இரண்டு வரிசையும் ஐம்பத்தாறில் சந்தித்தன. அதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

டிரைவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அதைப் பார்த்தான். "என்ன இது, ரூட் நம்பரா?"

"நம்ம நாள்."

"ஐம்பத்தாறு நாள் கழிச்சா?"

"ஒரு வருஷம் பத்து மாசம் கழிச்சு."

சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். ஆனால் படியிறங்கும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்.

அதற்குப் பிறகு பம்பரம் படுத்திய பாடு சொல்லி முடியாது. பாய்லர் அறையில் அழுத்தமானியின் முள்ளைப் பார்க்கச் சொன்னால் முள்ளையும் பார்த்தாள், கடிகாரத்தையும் பார்த்தாள். இருபதாம் நாள் அவனுக்கு ஆஃப், இருபத்தொன்றாம் நாள் அவளுக்கு. இருபத்தெட்டாம் நாள் அவளுக்கு, இருபத்தொன்பதாம் நாள் அவனுக்கு. ஒத்த நாள் வித்தியாசம் மறுபடியும் முன்னாலும் பின்னாலும் வந்து பழிப்புக் காட்டியதில் அவளுக்குத் தூக்கம் போயிற்று. எழுந்து போய் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு வந்து படுத்தாள். முப்பத்தைந்து, நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்பது. தொட்டுத் தொட்டு ஐம்பத்தாறைச் சுற்றியிருந்த வட்டம் அழிந்தது. மறுபடியும் போட்டாள்.

"ஏம்மா, அது அங்கயேதான் இருக்கும். ஓடிறாது" என்றார் நீராவி, விஷயம் தெரிந்த பிறகு.

நாற்பத்தெட்டாம் நாள் காலை டிரைவர் வழக்கத்துக்கு மாறாகப் பல் தெரிய வந்தான். "உனக்கு ஒரு நல்ல சேதி. மேலிடத்து உத்தரவு. டிப்போவுல ஒன்பது நாள் முறையை எடுத்துட்டாங்க. இனிமே எல்லாருக்கும் ஏழு நாளைக்கு ஒரு ஆஃப். உனக்கும் ஏழு, எனக்கும் ஏழு. ஜோடிப் பொருத்தம்."

பம்பரம் ஆடாமல் நின்றாள். அவள் ஆடாமல் நின்றதை அவன் பார்த்ததே இல்லை, அதனால் பயந்துவிட்டான்.

"எப்பலேர்ந்து?"

"இப்பலேர்ந்துதான். நேத்துத்தானே எனக்கு ஆஃப். அங்கேர்ந்து ஏழு எண்ணிக்க வேண்டியதுதான்."

அவள் சாக்கட்டியை எடுத்தாள். நேற்று நாற்பத்தேழு. ஏழு கூட்டினால் ஐம்பத்து நான்கு. பிறகு அறுபத்தொன்று, அறுபத்தெட்டு. அவளுக்கு ஐம்பத்தாறு, அறுபத்து மூன்று, எழுபது. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் வித்தியாசம். ஏழுக்கு ஏழு சம்பந்தம் பண்ணினால் அதுதான் ஆபத்து. முதல் தடவை ஒட்டினால் ஒவ்வொரு வாரமும் ஒட்டும், ஒட்டாவிட்டால் சாகிற வரைக்கும் ரெண்டு நாள் தள்ளியே நடக்கும்.

"ஒன்பதாவே இருந்திருந்தா இன்னும் எட்டு நாள்ல வந்திருக்கும்" என்றாள்.

"ஏழு நல்லதுன்னு நீதானே ஆடிட்டு இருந்தே?"

"ஒரு ஏழுதாங்க நல்லது. ரெண்டு ஏழு இல்ல."

டிரைவருக்கு இது விளங்கவில்லை. ஆனால் அவள் பார்வை பீரோவின் தலையில் இருந்த பெட்டிக்குப் போனது அவனுக்கு விளங்கியது. அந்தப் பெட்டியைப் பற்றி அவன் இதுவரை கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்துவைத்திருந்தான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

முதலில் நீராவியிடம் ஓடினாள். தன் ஆஃபை இரண்டு நாள் முன்னால் மாற்ற முடியுமா? "ஏழு பேரும் ஏழு நாளைப் பட்டா போட்டு வச்சிருக்காங்கம்மா. ஒருத்தர் நகர மாட்டாங்க" என்று ஊதினார். சலவைப் பிரிவுக்கே திரும்பலாம் என்றால் அவளுடைய இடத்துக்கு அதற்குள் ஆள் வந்துவிட்டது.

மிஞ்சியது டூட்டி கிளார்க். மறுநாள் ஆஃப், போய் நின்றாள். சுவரில் புது அட்டவணை ஏழு ஏழாகத் தொங்கியது. கிளார்க் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், வேண்டாத மருமகனைப் பந்தியில் உட்காரவைத்தவர் மாதிரி.

"ஏழாம்மா ஏழு. எதால வகுத்தாலும் பிடி குடுக்காத ஒரு எண். இதை வச்சு யாரு ஷிப்ட் போடறது?"

"சார், நாள் தள்ளற விதி அப்படியேதான் இருக்கா?"

"அதை யாரு மாத்துவா? மனுவுக்கு மூணு நாள். அதுல நான் விட்டுக்குடுக்கல" என்று நிமிர்ந்தார்.

பம்பரம் விரல்விட்டு எண்ணினாள். அவனுடைய ஐம்பத்து நான்கை மூன்று தள்ளினால் ஐம்பத்தேழு. ஒரு நாள் தாண்டிப்போகிறது. இன்னொரு மூன்று, அறுபது. மூன்று நாள் குறைகிறது. இன்னொரு மூன்று.

அறுபத்து மூன்று.

"சார், மூணு மனு தரேன். மூணு மூணா மூணு தடவை தள்ளுங்க."

கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார். "போன தடவை மூணு குடுத்தேன், ஒண்ணுதான் வேணும்னே. இப்ப மூணையே மூணு தடவை வேணுங்கறே."

"அப்ப அவரு ஒன்பது சார். ஒன்பதுகிட்ட மூணை எத்தனை தடவை குடுத்தாலும் அதே வீட்டுப் பிள்ளை, சுத்திச் சுத்தி அங்கயேதான் நிக்கும். இப்ப அவரு ஏழு. மூணு மூணா தள்ளிட்டே போனா ஏழுல இருக்கற எல்லா நாளையும் ஒரு தடவை தொட்டுட்டு வரலாம்."

தன்னுடைய மூன்றுக்கு இந்த வயசில் இப்படி ஒரு புகழுரை கிடைக்கும் என்று கிளார்க் எதிர்பார்க்கவில்லை. அவர் முகம் இளகியது. கூடவே கையும் இளகும் என்று அவள் நினைத்தது தப்பு.

"ஒரு நாளைக்கு ஒரு மனுதான் வாங்குவேன். மூணுலயும் டிரைவர் கையெழுத்து வேணும். அது மட்டும் இல்ல. முந்தாநாள் ஆஃப், அடுத்தது நீ கேக்கற அந்த நாள்லன்னா நடுவுல பதினஞ்சு நாள் ஒரே மூச்சுல வண்டி ஓட்டணும். ஒத்துக்குவாரா, கேட்டியா?"

அவள் கேட்கவில்லை. அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

டிப்போ வாசலில் அவனுடைய பஸ் பயணிகளோடு புறப்பட நின்றது. பம்பரம் ஓடிப்போய் டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே நின்று மூன்று தாளையும் உயர்த்திப் பிடித்தாள்.

"என்ன இது?"

"கையெழுத்துப் போடுங்க."

முன் சீட்டில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, விவாகரத்தா?"

"இல்லீங்க, லீவு" என்றான் டிரைவர்.

"ரெண்டும் ஒண்ணுதான். சட்டுன்னு போட்டுட்டு எடுப்பா, எனக்கு ஆஸ்பத்திரில டோக்கன் இருக்கு."

டிரைவர் தாளைப் படித்தான். "பதினஞ்சு நாளா?"

"ஆமா."

"எனக்கு முதுகு என்னத்துக்கு ஆகும்?"

"நான் வருஷத்துக்கு எட்டொம்பது லீவைக் குடுத்துட்டு பாய்லர்ல வேகறேன்."

பின்னாலிருந்து ஒரு குரல், "அக்கா சொல்றது நியாயந்தான்" என்றது. இன்னொரு குரல், "முதுகுன்னா சும்மாவா?" என்றது. பஸ் இரண்டு கட்சியாகப் பிரிவதற்குள் டிரைவர் பேனாவைக் கேட்டான். முதல் தாளில் போட்டான், இரண்டாவதில் போட்டான். மூன்றாவதில் பேனாவை வைத்துவிட்டு நிறுத்தினான்.

"பீரோவை எதிர்ச்சுவத்துல வைக்கலாம்னா போடறேன்."

"அதை அன்னிக்குப் பேசிக்கலாம்."

"வாக்குத் தரமாட்டே?"

"மாட்டேன்."

அவன் சிரித்துவிட்டான். ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் அவர்கள் வீட்டுக்கு வெளியே பேசிய முதல் பேச்சு அது. கையெழுத்துப் போட்டுத் தாள்களை நீட்டினான். பஸ் கிளம்பியது.

முதல் மனு அன்றே போனது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து இரண்டாவதைக் கொடுத்தாள்; ஆஃப் அறுபதில் வந்து நின்றது. மூன்றாம் நாள் வந்தபோது கிளார்க்கின் நாற்காலி காலி. பக்கத்து மேசைக்காரர் தலை நிமிராமல், "அவருக்கு இன்னிக்கு ஆஃப்" என்றார். பம்பரம் அந்தக் காலி நாற்காலியை இரண்டு முறை சுற்றிவந்தாள். அதற்கடுத்த நாள் அலுவலகம் திறக்கும் முன்பே கதவில் நின்றாள். கிளார்க் மூன்றாவது மனுவில் முத்திரை குத்தி, அட்டவணையில் பம்பரத்தின் அறுபத்து மூன்றாம் நாளுக்கு நேராகத் தன் கையாலேயே எழுதினார். எழுதும் மூன்று பேனாக்களில் நன்றாக எழுதுவதை அதற்காக எடுத்தார்.

பதினைந்து நாளும் டிரைவர் முனகாமல் ஓட்டினான் என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். நன்றாக முனகினான். வலிக்கு ஒத்தடம் கேட்டுச் சீட்டு எழுதி வைத்துவிட்டுத் தூங்கினான். அவள் வெந்நீர்ப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். பாய்லரில் வேலை பார்ப்பவள் வீட்டில் வெந்நீருக்குப் பஞ்சமில்லை.

அறுபத்து மூன்றாம் நாள் விடிந்தது. அவள் சமையலறையிலிருந்து டீயோடு வந்தாள். அவன் வாசலிலிருந்து பேப்பரோடு உள்ளே வந்தான். இத்தனை காலமும் ஆளுக்கொரு நேரமாகச் சுற்றிப் பழகியதில் இருவருக்கும் போக்குவரத்து விதி மறந்துபோயிருந்தது. ஒரே பக்கமாகத் திரும்பி பீரோவின் முனையில் மோதிக்கொண்டார்கள். டீ பேப்பரில் கொட்டியது.

"ஹாரன் அடிச்சுட்டு வர வேண்டியதுதானே?" என்றான்.

"உங்க பஸ்ஸையா நான் ஓட்டறேன், ஹாரன் அடிக்க?"

ஆரம்பம் நன்றாகவே இருந்தது. பீரோவைக் காலி செய்தார்கள். பெட்டியை அவன்தான் இறக்கினான். லேசாக இருந்ததை ஆட்டிப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் துணிகளை அதற்குள் போட ஆரம்பித்தான். அவளும் எடுத்துக் கொடுத்தாள். பிறகு ஆளுக்கொரு பக்கம் நின்று தள்ளினார்கள். ஜன்னலோரம் வைத்தார்கள், ஜன்னல் கதவு பாதிதான் திறந்தது. "பார்த்தியா?" என்றான். எதிர்ச்சுவருக்குத் தள்ளினார்கள், சுவிட்ச் போர்டு மறைந்து அறை இருண்டது. "பார்த்தீங்களா?" என்றாள். அதன் பிறகு அக்கா வீட்டுக்காரர் விவகாரம் வந்தது. கேள்விக்குப் பதிலும் பதிலுக்கு எதிர்க்கேள்வியும் அதே அறையில், அதே நிமிஷத்தில் கிடைத்தன. மதியம் சாப்பிட்டுவிட்டுத் தொடர்ந்தார்கள். நடுவில் ஒரு முறை எதற்கென்று தெரியாமல் இருவரும் சிரித்தார்கள். மறுபடியும் ஜன்னலோரம், மறுபடியும் எதிர்ச்சுவர். சாயங்காலம் இருட்டத் தொடங்கியபோது பீரோ கிட்டத்தட்டப் பழைய இடத்தில், அறையின் நடுவில் நின்றது. முதுகு மட்டும் இப்போது சமையலறையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "விடு. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்றான்.

பம்பரம் பீரோவிலிருந்து கையை எடுத்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"அடுத்த வாரம்னு சொன்னேன்."

அவள் பீரோவின் முதுகுக்குப் போனாள். இரண்டு வரிசையும் எழுபதில் வந்து நிற்கின்றனவா என்று இன்னொரு தரம் சரிபார்த்தாள். நின்றன. வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சிறிது நேரத்தில் அவளுடைய கால் ஆட ஆரம்பித்தது. அதில் பீரோவின் ஒரு கதவு மெல்லத் திறந்துகொண்டது. அதை எழுந்து மூட இரண்டு பேரில் யாருக்கும் அவசரம் இல்லை.